நீலம் அடித்த குழாய்

உங்கள் அறை மூலையில் ஒரு குழாய் சொட்டுகிறது தம்பி. வாஷர் தேய்ந்திருக்கும், மாற்றச் சொல்லுங்கள். சொட்டுகிற குழாய் பக்கத்தில் இருந்தால் எனக்குப் பேச்சு ஓடாது.

அந்த அலுவலகக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இந்தச் சொட்டுகளைத்தான் துரத்திக்கொண்டிருந்தேன். எல்லா மாடிகளிலும் கை கழுவுகிற தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குப் போனது. அதைத் தொட்டியில் பிடித்து, மணலில் வடிகட்டி, கழிவறைகளுக்குத் திருப்பலாம் என்று கண்டுபிடித்தது நான். குடிநீர்க் குழாய்க்கு நீலம், வடிகட்டிய தண்ணீர்க் குழாய்க்குக் கத்தரிப்பூ நிறம் என்று அடித்துவைத்ததும் நான். தண்ணீர்ச் செலவு பாதியாக இறங்கியது.

என் தங்கைதான் அங்கே மேலாளர். அம்மா போன பிறகு அவளை வளர்த்துப் படிக்கவைத்தவள் நான். குழாய் விஷயம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. "நிறத்தை மட்டும் பாருடி, போதும்" என்று சொல்லிக்கொடுத்திருந்தேன்.

முதலாளி பார்க்க வந்த அன்று, "இது என்னோட யோசனை சார்" என்றாள். அதைக்கூட விட்டுவிடலாம். கையில் ஸ்பேனரோடு நின்ற என்னைப் பார்த்து, "இவங்க யாரு?" என்றார் அவர்.

"குழாய் பாத்துக்கிறவங்க சார்."

படிக்கட்டில் மறித்துக் கேட்டேன். "அக்கான்னு சொன்னா வாய் வெந்துடுமாடி?"

"குழாய்க்காரியோட தங்கச்சின்னா நாளைக்கு எவன் என் பேச்சைக் கேப்பான்? கொஞ்சம் பெரிய மனசு பண்ணுக்கா. வீட்டுல வேணா நூறு தடவ கூப்பிடறேன்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன்.

கீழ்த்தளத்தில் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் உண்டு. அங்கே குடிப்பதற்குப் புதுக் குழாய் வைக்கும் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலைக்கு முந்தைய நாள், சுவருக்குப் பின்னால் குழாய்கள் ஓடும் சந்துக்குள் போய், இரண்டு குழாய்களிலும் நிறத்தை மாற்றி அடித்தேன். தரையில் ஒரு துளி சிந்தவில்லை.

பிளம்பர் மட்டும் என்னிடம் வந்தார். "அக்கா, நீலத்துல சேக்கச் சொல்றாங்க. சரிதானே?"

"மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. என் வடிகட்டியின் நேர்த்தி அப்படி. முதலில் ஒரு பிள்ளைக்கு வாந்தி, பிறகு நாலைந்து பேருக்கு வயிற்றுப்போக்கு. சாப்பாட்டில்தான் கோளாறு என்று தங்கை, அதைக் கொண்டுவருகிற ஆளை மாற்றினாள். நான் ஸ்பேனரோடு சந்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். 'அக்கா, கொஞ்சம் வந்து பாரேன்' என்று எல்லார் முன்னாலும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் அந்த நிமிடமே மூடியிருப்பேன். அவள் குழாயைச் சோதிக்க வெளியாட்களைக் கூப்பிட்டாள். அவர்களும் நிறத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

ஆமாம், இரண்டு பிள்ளைகள் மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை. அதில் ஒருத்தி, என்னைக் கண்டால் ஷூ கயிற்றைக் கட்டிவிடச் சொல்லிக் காலை நீட்டுவாள். கெட்டிக்காரி.

எழுதிக்கொள்ளுங்கள். நிறத்தை மாற்றியது நான்தான். அந்தத் தண்ணீர் யார் வாய்க்குப் போகும் என்று தெரிந்தேதான் மாற்றினேன். தங்கைமேல் வழக்கு எதுவும் வேண்டாம்.

இன்னொன்றையும் எழுதுங்கள். என் தங்கை மகளும் அந்தக் காப்பகத்தில்தான் இருந்தாள். காலையில் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து அவள் பாட்டிலை நானே நிரப்புவேன். "குழாய்ல குடிக்காதடா செல்லம். பெரியம்மா தண்ணிய மட்டுந்தான் குடிக்கணும்" என்று சொல்லிவைத்திருந்தேன். மற்ற பிள்ளைகள் புதுக் குழாயடியில் முண்டியடித்தபோது, அவள் சமர்த்தாக என் மடியில் உட்கார்ந்து குடித்தாள். அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

இதைத் தங்கையிடம் மறக்காமல் சொல்லுங்கள் தம்பி. அவள்தான் என்னை அக்கா இல்லை என்றாள். நான் கடைசிவரைக்கும் அக்காவாகத்தான் இருந்தேன்.