தீட்டி வைத்த கத்தி

சவரக்கத்தியை ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும். எங்கள் வீட்டில் யாரும் அப்படி வைத்ததில்லை.

என் கணவர் சலூன் வைத்திருந்தார். நான் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் பார்ப்பவள். கல்யாணமான புதிதில் அவருடைய கத்தியை மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்துக் காட்டினேன். வெறுங்கண்ணுக்கு நேர்கோடாகத் தெரிந்த விளிம்பு, அங்கே ரம்பம் மாதிரி பல்பல்லாக இருந்தது. அவர் முகம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து தோல்வாரில் தீட்டுவது அவர், பார்த்துச் சொல்வது நான். பல்லெல்லாம் மறையும்வரை விடமாட்டேன். "என் மூஞ்சியைவிட இந்தக் கத்தியைத்தான் நீ அதிகமா பாத்திருக்கே" என்பார்.

பிறகு அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கடையை மூடினோம். தினமும் நானே சவரம் செய்துவிட்டேன். இந்த நோயால் உயிருக்கு ஆபத்தில்லை, ரொம்ப காலம் இருப்பார் என்றார் டாக்டர். அதைக் கேட்டு அவருக்கு நிம்மதி. "கை ஆடினா என்ன, வாய் நல்லாத்தானே இருக்கு. உன்னை வம்பிழுக்க அது போதும்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டையெல்லாம் சிந்திக்கொண்டு சாப்பிடும் அவரை, அந்த ரொம்ப காலமும் யார் பார்த்துக்கொண்டிருப்பது? அவர் படப்போகும் பாட்டை நினைத்துத்தான் சொல்கிறேன்.

அன்று காலை விளிம்பை வழக்கத்தைவிடக் கவனமாகப் பார்த்தேன். ஒரு பல்கூட இல்லை. நுரை பூசித் தலையைச் சாய்க்கச் சொன்னேன். "காதோரம் முடி நிக்குது பாரு, எடுத்துடு. சாயங்காலம் தங்கச்சி வருவா" என்றார். எடுத்தேன். அதற்குப் பிறகுதான் கழுத்துக்கு வந்தேன்.

தற்கொலை என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அவர் தங்கைகூட. போலீஸில் கத்தியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். இவ்வளவு அறுத்த கத்தியில் ஒரு பல்கூட இல்லையே, செத்தவர் எழுந்து தீட்டி வைத்தாரா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கழுவினேன், துடைத்தேன், தோல்வாரில் தீட்டினேன். எல்லாம் கைப்பழக்கம். அது அவர் கையில் ரத்தத்தோடு இருக்கவேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. தரையில் கிடந்ததில் தோய்த்து வைத்தேன்.

இன்னொன்றும் கேட்டீர்கள். அவர் தடுக்கவில்லையா என்று. என் மணிக்கட்டில் கை வைத்தார். அந்தக் கை எப்போதும் ஆடுவதுதான்.

"வலிக்குதா?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வலித்திருந்தால் சொல்லியிருப்பார். வாய் நல்லாத்தானே இருந்தது.