ஃபராஸின் சுண்டுவிரல்

கிட்டாரைக் கேட்பதைவிட, வாசிக்கிறவர்களின் கையைப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும். இதில் தப்பு ஒன்றும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். காது சுலபமாக மயங்கிவிடும். கண் அப்படி இல்லை.

நடந்ததை வரிசையாக எழுதச் சொன்னீர்கள், மேடம். வரிசையாகவே எழுதுகிறேன்.

என் பெயர் வெங்கடரமணன். தி. நகரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்பக்கம், மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். பன்னிரண்டு வருடம் கிட்டார் பழகினேன், வரவில்லை. சிலருக்கு வராது, அவ்வளவுதான். என் மனைவி ஹம்சாவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் என் கிட்டாரை விளையாட்டாகக் கையில் எடுத்தவள், நான்கே வருடத்தில் நான் எட்டிப் பிடிக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாள். பொறாமையா என்று காலையில் கேட்டீர்கள். இல்லை. என் கைக்குக் கிடைக்காதது என் வீட்டுக்காவது வந்ததே என்று சந்தோஷம்தான் பட்டேன்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். அவள் வாசிப்பாள், நான் பார்ப்பேன். பெரிய கலைஞர்களின் வீடியோக்களை நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டுவேன். அந்த வேகத்தில் சத்தம் மாடு கத்துவது போல இருக்கும், அதனால் அதை நிறுத்திவிடுவேன். கட்டைவிரல் எங்கே நிற்கிறது, மணிக்கட்டு எவ்வளவு மடிகிறது, நகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவேன். ஒருவர் இடது காலுக்குக் கீழே சின்னப் பலகை வைத்திருந்தார். மறுநாளே ஹம்சாவுக்கும் பலகை வந்தது. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் வெங்கட்" என்பாள். அந்த நம்பிக்கையை நான் ஒருநாளும் லேசாக எடுத்துக்கொண்டதில்லை.

போன வருடம் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஓர் அரங்கில் மார்கழிக் கச்சேரிக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். ஹம்சா வாசித்து முடித்ததும், "ரொம்பச் சுத்தமா இருக்கும்மா. ஆனா ஏதோ ஒண்ணு குறையறது. அடுத்த வருஷம் வாயேன்" என்றார்கள். வீட்டுக்கு வந்து, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குறைகிற அந்த ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுப்பது என் பொறுப்பு என்று அன்றே முடிவு செய்தேன்.

அந்த மார்கழியில் அங்கே வாசித்தவர் ஃபராஸ், சிந்தாதிரிப்பேட்டைக்காரர். அவர் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுக்கும்போது கம்பி அழுகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அவருடைய முப்பத்தொரு வீடியோக்களை ஏழு மாதம் பார்த்தேன். உட்காரும் விதம், பிடி, நகம், எல்லாம் ஹம்சாவுடையதைப் போலத்தான். ஒன்றே ஒன்றுதான் வேறு. அவருடைய இடது சுண்டுவிரல் இரண்டாம் கணுவில் கோணியிருந்தது. சின்ன வயதில் அப்பாவின் பைண்டிங் கடையில் அழுத்து இயந்திரத்தில் மாட்டிய விரல் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். அந்த உருக்கமான இழுப்பு வரும்போதெல்லாம் கோணல் விரல் கம்பிமேல் வந்து நின்றது. ஒரு முறைகூடத் தவறவில்லை.

ஹம்சாவின் சுண்டுவிரல் நேரானது.

எங்கள் அடுக்ககத்தின் லிஃப்டுக்கு இழுத்து மூடுகிற பழைய இரும்புக் கதவு. கிட்டார் பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு, இடது கையால் கதவு வந்து சேரும் சட்டத்தைப் பிடித்தபடி ஏறுவது அவள் வழக்கம். மற்ற விரல்கள் உள்பக்கம் மடங்கியிருக்கும். சுண்டுவிரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதைப் பத்து நாள் கவனித்தேன். பார்ப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. பதினோராம் நாள், ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கதவை இழுத்தேன்.

அவசரத்தில் கவனிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். ஹம்சாவே என்னைத் தேற்றினாள். "விடு வெங்கட், நீ வேணும்னா பண்ணினே? நான்னா கையை எடுத்துண்டிருக்கணும்."

உடைந்ததோடு பாதி வேலைதான் முடிந்திருந்தது. மருத்துவர் விரலை நேராக்கி, மெல்லிய அலுமினியத் தகடு வைத்துக் கட்டினார். தினமும் கட்டைப் பிரித்துத் துடைத்து மறுபடி கட்டுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஃபராஸின் விரலை வீடியோவில் நிறுத்தி, அதே அளவில் ஒரு காகிதம் வெட்டி வைத்திருந்தேன். அதோடு ஒப்பிட்டு, தகட்டை நாளுக்கு ஒரு நூல் அளவு வளைத்துக்கொண்டே வந்தேன்.

"வலிக்கறது வெங்கட். டாக்டர் நேரான்னா வெச்சுக்கச் சொன்னார்?"

"வீக்கம் இருக்கறச்சே அப்படித்தான் தெரியும். பல்லைக் கடிச்சுக்கோ."

கடித்துக்கொண்டாள், ஆறு வாரம். மருத்துவர் மறுபடி வரச் சொன்ன நாளை இரண்டு முறை ஏதோ காரணம் சொல்லித் தள்ளிப்போட்டேன். அந்த ஆறு வாரமும் சமையல், பாத்திரம் எல்லாம் என் பொறுப்பு. அவளுக்குத் தலைகூட நான்தான் பின்னிவிட்டேன். நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்த நாட்கள் வேறு இல்லை.

கட்டைப் பிரித்தபோது விரல் அச்சு அசலாக ஃபராஸுடையது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கிட்டாரை எடுத்தாள். சுண்டுவிரல் மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. பக்கத்து விரலையும் அது சேர்த்து இழுத்தது. பழகினால் வந்துவிடும் என்றேன். இரண்டு மாதம் பழகினாள். புதிதாக எதுவும் வரவில்லை. முன்பு வந்ததும் போயிற்று. தேர்வு நாள் வந்தபோது அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அந்த விரலை எப்படிப் பயன்படுத்துவது என்று ஃபராஸையே கேட்டுவிடலாம் என, அவர் வகுப்பெடுக்கும் அடையாறு வீட்டுக்கு அவளை அழைத்துப் போனேன். நான் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

"இந்த வெரலா? இது சும்மா குந்திக்கினு கீது சார். மடங்காது. கம்பில பட்டா கொர்ருன்னு சத்தம் வரும். அதான் இழுக்கசொல்லோ மேல தூக்கி வச்சிக்குவேன். மத்த மூணு வெரலுலதான் வாசிக்கிறேன். இதுவும் நேரா இருந்திருந்தா நான் எங்கியோ போயிருப்பேன்."

அந்த வீடியோக்கள் எல்லாம் முன்னாலிருந்து எடுத்தவை, மேடம். கம்பியைத் தொடுகிற விரலும் தொடாத விரலும் முன்னாலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள்.

"இத்தினி வீடியோ பாத்தீங்களே, ஒண்ணையாவது ஒழுங்கா கேட்டீங்களா சார்? கேட்டாலே தெரிஞ்சிருக்குமே" என்றார். பிறகு ஹம்சாவின் கையை வாங்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது? டாக்டர் கட்டு போட்லியா? நேரா கட்டியிருந்தா இப்டி சேந்திருக்காதே."

ஹம்சா கையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் என் நோட்டை எடுத்துப் படித்தாள். அது மேசைமேலேயேதான் இருந்தது. ஒளிக்க வேண்டியது எதுவும் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. 'லிஃப்ட் கதவு, இடது சுண்டுவிரல், இரண்டாம் கணு' என்று, உடைவதற்கு ஒரு வாரம் முந்திய தேதியில் எழுதியிருந்தேன். காகித விரலும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. அதைத் தன் விரல்மேல் வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது.

"கேட்டா நான் மாட்டேன்னு சொல்லிடுவேன்னுதானே கேக்கலே?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்றே நங்கநல்லூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கிட்டாரை எடுத்துக்கொண்டு போகவில்லை. அங்கே வேறொரு மருத்துவரிடம் காட்டினார்களாம். மறுபடி உடைத்து நிமிர்த்தலாம், சாப்பாட்டுத் தட்டைப் பிடிக்க முடியும், ஆனால் வாசிக்க வராது என்று சொல்லிவிட்டாராம். தன் கையில் எவரும் இனிமேல் எதுவும் செய்ய வேண்டாம் என்றாளாம் அவள்.

கதவை வேண்டுமென்றே இழுத்தேன். தகட்டையும் வேண்டுமென்றேதான் வளைத்துக் கட்டினேன். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். அவள் வாசிப்பைக் கெடுக்க நினைத்தேன் என்று எழுதினால் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன்.

லிஃப்ட் வாசல் கேமராவில் பதிவானதை, பழுது பார்க்க வருகிறவர்களிடம் காட்டுவதற்காக அடுக்ககச் செயலாளர் விரல் உடைந்த அன்றே எடுத்து வைத்தார். இப்போது அது உங்கள் ஸ்டேஷனில் இருக்கிறது. தயவுசெய்து அதை நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். இழுப்பதற்கு முன்னால் என் கை ஒரு கணம் தயங்கி நிற்பது தெரியும். அன்பில்லாதவன் தயங்குவானா? சத்தத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள், மேடம். அவள் கத்துவது கேட்டால் என் கையைச் சரியாகக் கவனிக்க முடியாது.