மூளைக்குள் ஏலம்

அடையாறில் பஸ் ஏறினேன். என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் மொட்டைத் தலையில் துண்டு கட்டியிருந்தார். அவர்தான் சொன்னார்:

"என் மூளை கத்துறத நானே கேட்டேன் அண்ணி."

"இன்னா சொல்ற?"

"ஆபரேசன் அப்போ என்னைத் தூங்க வெக்கல. மண்டையில சின்னதா ஓட்டை போட்டு, உள்ள ஒரு கம்பிய வுட்டு, அந்தச் சத்தத்த ஸ்பீக்கர்ல போட்டாங்க. கரகரன்னு ஒரே இரைச்சல். காலையில நம்ம குப்பத்துல மீன் ஏலம் வுடுவாங்களே, அப்டி."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"உள்ள கீற நரம்பு செல்லுங்க எல்லாம் சேந்து ஒரே தாளத்துல கத்துதாம். அதான் கை நடுங்குதாம். அந்தக் கம்பியில கரண்ட் குடுத்து, கைய நீட்டச் சொன்னாரு. ஆடாம நின்னுச்சு. எனக்கு அழுகை வந்துட்டுது. வலிக்குதாம்மான்னாரு. இல்ல சார், நாலு வருசமா நான் மீனு வெட்டல சார்னேன்."

"இனிமே வெட்டலாமா?"

"கம்பியும் ஒரு பேட்டரியும் உள்ளயே வெச்சிக்கீறாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து வெட்டலாமாம். மொத மீனு உங்க வூட்டுக்குத்தான்."

"எங்க, கைய காட்டு."

மந்தைவெளி சிக்னலில் பஸ் நின்றிருந்தது. அவர் வலது கையை நீட்டினார். ஒரு விரலும் அசையவில்லை. இருவரும் அதையே பார்த்துச் சிரித்தார்கள். பின்னாலிருந்து நான் எட்டிப் பார்த்தேன். டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு கண்டக்டரும் பார்த்தார்.

அண்ணி அந்தக் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, முந்தானையால் மூடினார்.

"போதும். எல்லாரும் பாக்குறாங்க. கண்ணு பட்டுடும்."