பின்னாலிருந்து ஒரு கை

தம்பி: இரு, இரு... யாரோட கை?

அக்கா: எந்தக் கை?

தம்பி: இப்ப வாசிச்சியே, "பின்னாலிருந்து ஒரு கை அவளைப் பிடிக்கிறது"ன்னு. அந்தக் கை எங்கேர்ந்து வந்துச்சு? சுவத்துல முளைச்சுதா?

அக்கா: கூட ஆடறவங்கள்ல யாரோ ஒருத்தங்க.

தம்பி: அப்ப அதைச் சொல்லலாமே.

அக்கா: எங்கடா சொல்றது? அடுத்த வரி பாட ஆரம்பிக்கறதுக்குள்ள ரெண்டு மூச்சு விடற நேரம்தான் இருக்கு. பாட்டு மேல பேசினா அதுக்கும் நீதான் குதிப்பே.

தம்பி: குதிக்கத்தானே எனக்குச் சம்பளம் தர்றாங்க.

அக்கா: ஆமா. நான் திரையைப் பாத்துப் பாத்து எழுதணும். கண்ணு தெரியாத தம்பி ஹாயா சாஞ்சு உக்காந்து கேட்டுட்டு நொட்டை சொல்லணும். நல்ல வேலைக்கு என்னை இழுத்துட்டு வந்தேடா.

தம்பி: நான் நொட்டை சொல்லலேன்னா, நாளைக்கு இந்தப் படத்தை உன் வர்ணனையோட கேக்கப்போற பார்வை இல்லாதவங்க எல்லாரும் சொல்லுவாங்க. "இந்தம்மா படத்தைப் பாத்து எழுதினாங்களா, தூங்கிட்டே எழுதினாங்களா"ன்னு. பாட்டு ஆரம்பத்துலேர்ந்து வா.

அக்கா: மறுபடியுமா? சண்டைன்னா அடிச்சான், விழுந்தான்னு முடிச்சிடலாம். இந்த டான்ஸ்தான் உயிரை எடுக்குது.

தம்பி: போன மாசம் அந்தப் பெரியவர் ஆட்டத்துக்கு நல்லாத்தானே எழுதினே? பொண்டாட்டி போட்டுக்கிட்டிருந்த கோட்டைக் கையில வெச்சுக்கிட்டுத் தனியா ஆடுவாரே.

அக்கா: அதுல நீ மூக்கைச் சிந்தினது மைக்ல பதிவாகி, பொறுமையா உக்காந்து வெட்டி எடுத்தோம்.

தம்பி: ஜலதோஷம்.

அக்கா: ஆமாமா, ஜலதோஷம். சரி, கேட்டுக்கோ. "ஒரு மேடை. நான்கு வரிசையாகப் பெண்கள். எல்லோருக்கும் ஒரே நீல உடை. நடுவில் நாயகி. கைகளை விரிக்கிறாள். சுழல்கிறாள். சிரிக்கிறாள்."

தம்பி: ம்... நல்லா இருக்கு.

அக்கா: "முதல் சரணம் முடிகிறது. மேடையின் ஓரத்துக்கு வருகிறாள். திரைக்குப் பின்னால் நிற்பவர் அவள் காதில் ஏதோ சொல்கிறார்."

தம்பி: புருஷன் செத்துட்டான்னு.

அக்கா: அதை நான் சொல்ல வேண்டாம். லாரி கவுந்ததை முந்தின காட்சியிலயே எல்லாரும் கேட்டாச்சு. அவளுக்குத்தான் இப்பத் தெரியுது. "சிரிப்பு அப்படியே இருக்கிறது. நடுவுக்குத் திரும்புகிறாள். இரண்டாம் சரணம். அதே அசைவுகள். மீண்டும் ஆடுகிறாள்."

தம்பி: "மீண்டும் ஆடுகிறாள்." கரன்ட் வந்துச்சு, ஃபேன் மறுபடி சுத்துதுங்கற மாதிரி இருக்கு.

அக்கா: வேற என்னத்தைச் சொல்றது? முதல் சரணத்துல என்ன ஆடினாளோ அதையேதான் ஆடறா. ஒரு விரல் மாறல. அதுதானே இந்தப் பாட்டு.

தம்பி: ஒண்ணும் மாறலேன்னா தியேட்டர் முழுக்க எதுக்கு அழுதாங்களாம்?

அக்கா: அது... கை விரியுது, ஆனா விரிச்சதை மூட மறந்துடறா. தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாடியே வர்றா. சிரிப்பு மட்டும், யாரோ ஒட்டி வெச்சுட்டுப் போன மாதிரி நிக்குது.

தம்பி: இதை எழுதேன்! வாயால சொல்றப்ப தாராளமா வருது, எழுதறப்ப மட்டும் என்ன கஞ்சத்தனம்?

அக்கா: எழுதறேன், எழுதறேன்... "விரித்த கைகளை மூட மறக்கிறாள். தாளம் முன்னே போகிறது. அவள் பின்னே வருகிறாள்." போதுமா?

தம்பி: ம்... இப்பதான் அவ ஆடறது எனக்குத் தெரியுது. மேல போ.

அக்கா: "கால் மடங்குகிறது. சாய்கிறாள். பின்னாலிருந்து ஒரு கை அவளைப் பிடிக்கிறது."

தம்பி: இதோ, மறுபடியும் வந்துடுச்சு. ஆளில்லாத கை.

அக்கா: விடவே மாட்டியா?

தம்பி: அவங்களுக்கு முகம் தெரியுதா?

அக்கா: தெரியல.

தம்பி: தெரியலையா, நீ பாக்கலையா?

அக்கா: கூட்டத்துல ஒருத்தி. நாயகியைப் பாக்கறதா, பின்னாடி நிக்கிறவளைப் பாக்கறதா?

தம்பி: நாயகி விழாம நின்னதே அந்தக் கையாலதானே? அதுக்கப்புறம்தானே மத்தவங்க ஒவ்வொருத்தரா முன்னாடி வந்து, ஜனங்க கண்ணுல படாம அவளைச் சுத்தி மறைச்சுக்கறாங்க. மொத்த ஆட்டமும் அந்தப் பிடியிலதான் திரும்புது.

அக்கா: அடேயப்பா. ஒரு தடவைகூடப் பாக்காத படத்துக்கு எனக்கே பாடம் எடுக்கறே.

தம்பி: பாக்காதது என் தப்பா? கண்ணு தெரிஞ்ச வயசுல இந்தப் படம் போட்டாலே அப்பா டிவியை அணைச்சிடுவாரு. அணைக்க அவர் இல்லாத காலத்துல எனக்குக் கண்ணு அணைஞ்சிடுச்சு. சிரிக்கலாம், பரவாயில்ல.

அக்கா: சிரிப்பு வரல. அடுத்த காட்சிக்குப் போலாம். சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் கொடுக்கணும்.

தம்பி: போக முடியாது. இதுக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன். டான்ஸ் மாஸ்டர் சொல்லிக்கூடத் தரல, தானா நடந்த ஒரு பிடி, அதைப் போய் "ஒரு கை"ன்னு...

அக்கா: என்ன சொன்னே?

தம்பி: என்ன சொன்னேன்?

அக்கா: மாஸ்டர் சொல்லித்தரலேன்னு உனக்கு யார் சொன்னா?

தம்பி: எங்கயோ... படிச்சேன்.

அக்கா: எங்க?

தம்பி: ஏதோ கட்டுரை. போன் வாசிச்சுக் காட்டுச்சு.

அக்கா: இந்தப் படத்தைப் பத்தி வந்த எல்லாத்தையும் நான் படிச்சிருக்கேன். அந்தப் பிடியை எப்படி யோசிச்சேன்னு மாஸ்டரே போற இடமெல்லாம் பெருமையடிச்சிருக்காரு. தானா நடந்துச்சுன்னு ஒருத்தர்கூட எழுதல.

தம்பி: எல்லாத்தையுமா? கூட்டத்துல ஒருத்திக்காகவா அவ்வளவையும் தேடித் தேடிப் படிச்சே?

அக்கா: பேச்சை மாத்தாதே. அது தானா நடந்துச்சுன்னு பிடிச்ச ஆளுக்குத்தான் தெரியும். நீ... அவங்களைப் பாத்தியா?

தம்பி: நான் எங்க யாரைப் பாக்கறது.

அக்கா: டேய்.

தம்பி: ... பேசினேன். பேசிட்டுத்தான் இருக்கேன். கொஞ்ச நாளா இல்ல, ரொம்ப நாளா.

அக்கா: எனக்குத் தெரியாம.

தம்பி: தெரிஞ்சிருந்தா விட்டிருப்பியா?

அக்கா: மாட்டேன்.

தம்பி: அதான்.

அக்கா: யார் யாரைத் தேடினது?

தம்பி: நான்தான் தேடினேன். போனை எடுத்ததும் நான் யார்னு சொன்னேன். உடனே "சாப்பிட்டியாப்பா"ன்னு கேட்டாங்க.

அக்கா: ரொம்ப அக்கறை. இத்தனை வருஷம் எப்படிச் சாப்பிட்டோம்னு கேக்கலையா?

தம்பி: அதையும் கேட்டாங்க. உன்னைப் பத்தியும்.

அக்கா: என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லாதே.

தம்பி: சொல்லல. அக்கா நல்லா இருக்கா, கோபமாவும் இருக்கான்னு மட்டும் சொன்னேன்.

அக்கா: அப்ப இந்தப் படத்தை இந்த மாசம் எடுத்துக்கிட்டது... "நேயர்கள் நிறைய பேர் கேக்கறாங்க"ன்னு ஆபீஸ்ல அளந்து விட்டியே, அது?

தம்பி: ஒரு நேயர் கேட்டாங்க.

அக்கா: அவங்களா?

தம்பி: ம்.

அக்கா: எதுக்கு? அவங்க பிடிச்ச பிடியை நான் உக்காந்து புகழணுமா?

தம்பி: நீதான் எழுதறேன்னு அவங்களுக்குத் தெரியாது, அக்கா. நான் எங்க வேலை பாக்கறேன்னுதான் தெரியும்.

அக்கா: இங்க பாரு. இந்தப் பாட்டுக்கு ஆடத்தான் அவங்க வீட்டை விட்டுப் போனது. போனா திரும்பி வராதேன்னு அப்பா சொன்னாரு. அவங்க போனாங்க. நீ தவழ்ந்துட்டு இருந்தே, உனக்கு ஒண்ணும் தெரியாது. நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போனேன். வழி முழுக்க என் கையை விடவே இல்ல. பஸ் வந்ததும் விட்டுட்டாங்க. என்னை விட்ட கை, நேராப் போய் யாரோ ஒரு நடிகையைத் தாங்கிப் பிடிச்சுது. ஊரே கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் கைதட்டுச்சு. "ஒரு கை"ன்னு எழுதினதே ஜாஸ்தி.

தம்பி: நீ சொல்றது நியாயம்தான்.

அக்கா: அப்ப சரின்னு சொல்லு. அடுத்ததுக்குப் போலாம்.

தம்பி: அவங்க இதைப் பாத்ததே இல்ல, அக்கா.

அக்கா: எதை?

தம்பி: இந்தப் பிடியை. படம் ஓடற இடத்துக்கெல்லாம் போவாங்களாம். இந்தப் பாட்டு வந்ததும் கண்ணை மூடிப்பாங்களாம். எல்லாரும் கைதட்டினப்புறம்தான் திறப்பாங்களாம்.

அக்கா: ஏன்?

தம்பி: நானும் கேட்டேன். "எதை விட்டுட்டு வந்து ஆடினேன்னு எனக்குத்தானே தெரியும்"னு சொன்னாங்க.

அக்கா: வசனம் நல்லாத்தான் இருக்கு.

தம்பி: சினிமாவுல இருந்தவங்க அப்படித்தான் பேசுவாங்கன்னு வெச்சுக்கோயேன்.

அக்கா: இப்ப மட்டும் என்ன வந்துச்சாம்? போன்ல தட்டினா பாட்டு வருது. கண்ணைத் திறந்து பாத்துக்க வேண்டியதுதானே? இதுக்கு எதுக்கு நீ, நான், இந்த ரூம், இத்தனை ஒயரு...

தம்பி: என் கண்ணு யார் பக்கத்துலேர்ந்து வந்த கோளாறுன்னு டாக்டருங்க அப்பாவோட ஜாதகத்தையே குடைஞ்சாங்களே, ஞாபகம் இருக்கா?

அக்கா: இருக்கு. அப்பாவோட தாத்தா கண்ணாடி போட்டிருந்தாரான்னுகூடக் கேட்டாங்க. அதுக்கென்ன இப்ப?

தம்பி: அப்பா பக்கம் இல்ல.

அக்கா: அவங்களுக்குமா? முழுசாவா?

தம்பி: வெளிச்சம் எந்தப் பக்கம்னு தெரியுமாம். அவ்வளவுதான். எனக்குச் சின்ன வயசுல வந்தது அவங்களுக்கு இப்ப வந்திருக்கு. குச்சி வெச்சு நடக்க நான்தான் சொல்லித்தந்தேன். சுத்த மோசம். கதவு, செவுரு எல்லாத்தையும் போட்டு அடிக்கிறாங்க.

அக்கா: உன்கிட்ட என்ன கேட்டாங்க? உன் சரக்கைச் சேக்காம, அவங்க சொன்னதைச் சொல்லு.

தம்பி: "அவளை ஒழுங்காத் தாங்கினேனா, இல்ல சும்மா பேருக்குப் பிடிச்ச மாதிரி இருக்கா... யாராச்சும் பாத்துச் சொன்னா நல்லா இருக்கும்"னாங்க.

அக்கா: அவ்வளவுதானா?

தம்பி: அவ்வளவுதான். பாத்துச் சொல்றதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஆள் நீ ஒருத்திதான்.

அக்கா: ... ஹெட்போனை மாட்டு.

தம்பி: பிடிக்கலேன்னா விட்டுடலாம், அக்கா. "ஒரு கை"யே இருக்கட்டும். நான் சரின்னு சொல்லிடறேன்.

அக்கா: மாட்டுடா. முகம் தெரியுதான்னு கேட்டியே. தெரியுது. மூணாவது வரிசையில இடது ஓரம். பாட்டு முழுக்கத் தெரியுது. ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டுத் தியேட்டர்ல பாத்தப்பவே தெரிஞ்சுது.

தம்பி: எப்படி இருப்பாங்க?

அக்கா: உன் மூக்கு. உன்னை மாதிரியே கன்னத்தை உள்ளுக்குக் கடிச்சுப்பாங்க, ஏதாச்சும் யோசிச்சா.

தம்பி: நான் கடிக்கறேனா?

அக்கா: இப்பகூட. பேசாம இரு, நேரம் அளக்கறேன்... "சாய்கிறாள்"ங்கற வரியை எடுத்துட்டேன். பிடிச்சாங்கன்னா சாஞ்சிருப்பாள்னு கேக்கறவங்களுக்குப் புரியாதா?

தம்பி: புரியும். வாசி.

அக்கா: "கால் மடங்குகிறது. மூன்றாம் வரிசையிலிருந்து ஒருத்தி முந்திக்கொண்டு வந்து அவள் கையைப் பிடிக்கிறாள். சாலையைக் கடக்கும்போது குழந்தையைப் பிடிப்பதுபோல், இறுக்கமாக."

தம்பி: ... திரையில இருக்கறதை மட்டும் சொல்லு, உவமை கிவமை வேண்டாம்னு புதுசா வர்றவங்களை எல்லாம் நீதானே விரட்டுவே?

அக்கா: இது உவமை இல்லடா. அம்மா அப்படித்தான் பிடிப்பாங்க.