முதலில் சத்தம் நிற்கும்

என் பெயர் லம்யை போன்தோங். வயது நாற்பத்தொன்று. தாய்லாந்து, பிசித் மாகாணம், தாபான் ஹின் சந்தைக்குப் பின்னால், ரயில் பாதைக்குக் கிழக்கே என் மாமியார் சம்லியின் வீட்டில் குடியிருக்கிறேன். சந்தையில் வாழைப்பழம் பொரித்து விற்கிறேன். கணவர் தைவானில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறார். மாமியாரைக் கொல்லும் எண்ணத்தோடு நான் காரைத் தண்டவாளத்தின் மேல் நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன் என்று என் நாத்தனார் துவாங்ஜாய் புகார் கொடுத்திருப்பதைக் காவல் அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். அதற்கு என் பதில் இது. தலைக்கு மேல் ஓடிய மின்விசிறி டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்ததால் என்னால் உட்கார முடியவில்லை. அதை நிறுத்தச் சொல்லிக் கேட்டு, நிறுத்திய பிறகு சொல்லத் தொடங்கினேன்.

கார் பழைய ஜப்பான் கார். எனக்கு முன்னால் எத்தனை கை மாறியது என்று விற்றவனுக்கே தெரியாது. நிறம் சிவப்பு. பின் கண்ணாடியில் ‘இந்தக் கார் பச்சை நிறம்’ என்று ஒட்டியிருப்பது, நான் பிறந்த கிழமைக்குச் சிவப்பு ஆகாது என்பதற்காக. அதிகாரி இரண்டு நிறத்தையும் எழுத வேண்டியதில்லை, சிவப்பு என்றே எழுதலாம். இடது பக்க முன் கதவின் உள்கைப்பிடி வாங்கும்போதே உடைந்திருந்தது. அந்தக் கதவை வெளியே இருந்துதான் திறக்க முடியும். மாமியார் எப்போதும் அங்கேதான் உட்காருவார். நான் சுற்றி வந்து திறந்துவிட்டால், “ராணி இறங்குறா, வழி விடுங்க” என்பார். இந்தக் கதவைப் பற்றிச் சொன்னதை அதிகாரி தயவு செய்து விடாமல் எழுத வேண்டும்.

வாங்கிய புதிதில் ஆற்றுப் பாலம் ஏறும்போது ஒருமுறை எஞ்சின் நின்றது. மெக்கானிக் கம்பான் பார்த்துவிட்டு, பெட்ரோல் வடிகட்டி அடைத்திருக்கிறது என்று சொல்லிப் புதிது போட்டார். அது சரியான பழுதுபார்ப்புதான். ஆனால் அதே நாள் துவாங்ஜாய் கோயிலுக்குப் போய், பிக்கு மந்திரித்துக் கொடுத்த மூவர்ணத் துணியையும் ஒரு செப்புத் தகட்டுத் தாயத்தையும் கொண்டு வந்தாள். எல்லோரும் கண்ணாடியில் தொங்கவிடுவதை இவள் பானெட்டைத் திறக்கச் சொன்னாள். “கோளாறு எஞ்சின்ல இருக்கு அண்ணி. கண்ணாடியில கட்டினா அதுக்கு எப்படித் தெரியும்?” என்றாள். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருந்த கம்பியில் துணியைக் கட்டி, அதன் நுனியில் தாயத்தை முடிந்தாள். மாமியாரையும் சேர்த்து நாங்கள் மூன்று பேரும் கும்பிட்டோம்.

அதன் பிறகு கார் சமதரையில் ஒழுங்காக ஓடியது. மேடு கண்டால் நின்றது. இடையே டக் டக் டக் என்று ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. நான் கம்பானிடம் கொண்டு போனேன். அவர் வால்வு தட்டுகிறது என்று சரி செய்தார். நிற்கவில்லை. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று மாற்றினார். நிற்கவில்லை. மேட்டில் பெட்ரோல் போதவில்லை என்று பம்பை மாற்றினார். அடுத்த நாளே பாலத்தில் நின்றது. ஒவ்வொரு தடவையும் அவர் வந்து பானெட்டைத் தூக்கும்போது எஞ்சின் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி சாவி போட்டதும் ஓடும். “அக்கா, இது உன்கிட்ட மட்டும்தான் வம்பு பண்ணுது. என்கிட்ட வந்தா வாயே திறக்க மாட்டேங்குது” என்றார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. பொரித்த பழத்தை எண்ணெயில் விட்டுவிட்டுச் சத்தத்தைப் பற்றியே யோசித்துக் கருக்கியிருக்கிறேன்.

துவாங்ஜாயும் சும்மா இருக்கவில்லை. கார் நின்ற ஒவ்வொரு தடவையும் கோயிலுக்குப் போய் இன்னொரு துண்டுத் துணி வாங்கி வந்து பழைய துணியோடு சேர்த்துக் கட்டினாள். தாயத்தை அவிழ்த்துப் புது நுனியில் முடிந்தாள். துணி நீண்டுகொண்டே போனது, கார் நிற்பதும் கூடிக்கொண்டே போனது.

அதன் பிறகு நான் ஒன்றைக் கவனித்தேன். முதலில் சத்தம் நிற்கும். அதற்கப்புறம்தான் எஞ்சின் நிற்கும். கம்பானிடம் சொன்னேன். “எஞ்சின் நின்னா சத்தமும் நிக்கும்தானே அக்கா?” என்று சிரித்தார். “அது இல்ல தம்பி, சத்தம் முன்னாடியே நிக்குது. அது நின்னாலே நான் காரைத் திட்ட ஆரம்பிச்சுடுறேன்” என்றேன். “சத்தம் போட்டாலும் திட்டுற, போடாட்டியும் திட்டுற. கார் பாவம்” என்றார். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

சம்பவம் நடந்த அன்று காலை மாமியாரை மூட்டு வலி ஊசிக்கு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அவர் சந்தை வாசலில் நின்றுகொண்டு, “இந்தச் செத்த மாட்டுல நான் ஏற மாட்டேன்” என்று அடம் பிடித்தார். நான், “ஏறுங்கம்மா. வழியில நின்னா உங்கள அங்கயே விட்டுட்டு நான் நடந்து வந்துடுறேன்” என்று கத்தினேன். இதைச் சந்தையே கேட்டது உண்மை. புகாரிலும் இருக்கிறது. அதற்கு மாமியார், “விட்டுட்டுப் போயேன். ரயில்காரன் உன்னவிட நல்லவன், ஏத்திக்கிட்டுப் போவான்” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே ஏறியதும் உண்மை. அது புகாரில் இல்லை. வெற்றிலை எச்சில் தெறிக்கச் சிரித்தார்.

அதன் பிறகு வழக்கமான ரயில் கடவைக்கு வந்தோம். அங்கே தடுப்பு கிடையாது, மணி மட்டும்தான். மணி அடிக்கவில்லை. பாதை மேடாக ஏறும் என்பதால் வேகம் எடுத்தேன். மேட்டின் பாதியில் சத்தம் நின்றது. “அம்மா, சத்தம் நின்னுடுச்சு” என்றேன். முன் சக்கரங்கள் தண்டவாளத்தைத் தாண்டின. எஞ்சின் நின்றது. சாவியைத் திருப்பினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. பின்னால் உருளவிட்டுப் பார்த்தேன். சக்கரம் தண்டவாளத்தில் முட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் விட்டால் பிடித்துக்கொள்ளும் என்று தெரியும், அதனால் விட்டேன். மறுபடி திருப்பினேன். அப்போது மணி அடித்தது.

லாட்டரிச் சீட்டு விற்பவர் ஒருவர் தூரத்தில் இருந்து பார்த்ததாகவும், நான் முதலில் குதித்து ஓடியதாகவும் சொல்லியிருக்கிறார். அவர் பார்த்தது சரி. நான் ஓடினேன். காரின் முன்பக்கமாகச் சுற்றி இடது கதவுக்கு ஓடினேன். அதற்கு வேறு வழி இல்லை. கதவைத் திறந்து மாமியாரை அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். “என் வெத்தலைப் பை” என்றார். “அது கிடக்கட்டும்” என்று இழுத்தேன். சரிவில் இருவரும் ஜல்லியில் விழுந்தோம். அவர் என் மேல் விழுந்திருந்தால் நன்றாயிருக்கும், ஆனால் நான் அவர் மேல் விழுந்துவிட்டேன். அவருடைய இடுப்பு எலும்பு முறிந்தது அதனால்தான். ரயில் காரின் பின்பாதியை அடித்துக் கொண்டு போனது.

அதன் பிறகு மிச்சக் காரை இந்தக் காவல் நிலைய வளாகத்தில் கொண்டு வந்து போட்டார்கள். முன்பகுதி நசுங்கவில்லை. இன்று காலை அதிகாரி முன்னிலையில் கம்பான் பானெட்டைத் திறந்தார். கம்பியில் துணியின் முடிச்சு மட்டும் இருந்தது, மிச்சத்தைக் காணோம். காற்று உள்ளே போகும் குழாயின் வாயில் கொஞ்சம் இளஞ்சிவப்புத் துணி தெரிந்தது. கம்பான் கும்பிட்டு, “மன்னிச்சுக்கோ சாமி” என்று சொல்லிப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்கத் துணி வந்தது. கடைசியில் தாயத்து குழாய்க்குள் குறுக்காகச் சிக்கியிருந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். மேட்டில் எஞ்சின் காற்றை இழுத்து மூச்சு வாங்கும். அப்போது துணியின் நுனி குழாய்க்குள் போய் அடைக்கும், எஞ்சின் மூச்சு முட்டி நிற்கும். நின்றதும் இழுப்பு இல்லாமல் துணி வெளியே விழுந்துவிடும். மற்ற நேரத்தில் டக் டக்கென்று குழாய்க்குப் பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் தட்டியது தாயத்து. அது உள்ளே போனதும் சத்தம் நிற்கும். அன்று மட்டும் அது திரும்பி விழவில்லை. சொல்லி முடித்துவிட்டுக் கம்பான் தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஒவ்வொரு தடவையும் அதக் கும்பிட்டுட்டு அந்தப் பக்கமா நின்னு வேலை பார்த்தேன் அக்கா. கை படக் கூடாதுன்னு” என்றார். நானும் தொட்டதில்லை. எங்கள் ஊரில் யாரும் தொட மாட்டார்கள்.

இங்கே வருவதற்கு முன் மருத்துவமனையில் மாமியாரைப் பார்த்தேன். குழாயில் இருந்து எடுத்ததைச் சொல்லாமல், தாயத்து கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். “அது இல்லன்னா நாம ரெண்டு பேரும் இந்நேரம் புகையாயிருப்போம். துவாங்ஜாய் கட்டினது வீண் போகல” என்றார். நான் “ஆமாம்மா” என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

துவாங்ஜாய்க்கு இது இன்னும் தெரியாது. என்னைக் கொலைகாரி என்று மருத்துவமனை வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கூவியவள் அவள். துணியை வெளியே இழுத்தபோது, அதைக் கொண்டு போய் அவள் முகத்தில் எறிய வேண்டும் போல் எனக்கு ஆத்திரம் வந்தது. இப்போதும் முழுவதும் போய்விடவில்லை. ஆனால் வெயிலில் நடந்து கோயிலுக்குப் போய் ஒவ்வொரு துண்டாக வாங்கி வந்தவளும் அவள்தான். அவளை நாளை விசாரணைக்கு அழைத்திருப்பதாக அதிகாரி சொன்னார். அவளிடம் இதைச் சொல்லும்போது அவளை உட்கார வைத்துச் சொல்ல வேண்டும், பக்கத்தில் நான் இருக்க வேண்டும். அவள் மேல் எதிர்ப்புகார் எதுவும் நான் கொடுக்கவில்லை.

இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னது, நடந்தது நடந்தபடியே. எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்தார். ஓரிடத்தில் திருத்தம் கேட்டேன். ‘துணியைக் கட்டியவர்: துவாங்ஜாய்’ என்று இருந்ததை, ‘தன் தாய்க்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று துணியைக் கட்டியவர்: துவாங்ஜாய்’ என்று மாற்றச் சொன்னேன். அதிகாரி மாற்றினார். அதன் பிறகே கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)
லம்யை போன்தோங்