ராசாவின் கடிதமும் ஒரு பாஸும்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை, காலை 7.40. குளிர் மைனஸ் பதினொரு பாகை, பொடிப்பனி. மல்வேர்னிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில், விமான நிலையத் துப்புரவுப் பணியாளரின் ஜாக்கெட் அணிந்த ஒருவரும், சரித்திரம் படிக்கும் அவருடைய தங்கை மகளும் எனக்கு முன்னால் இருந்தார்கள்.

"கூலிக்கு வந்த பிறநாட்டுச் சிப்பாய்களை நம்பாதை, சம்பளத்திலை பாதியைப் பிடிச்சு வை, பெண்சாதி பிள்ளையளைக் கோட்டைக்குள்ளை வை. நான் படிக்கிற பாடத்திலை வருது, சண்டைக்காலத்திலை ஒரு ராசா தன்ரை தளபதிக்கு எழுதின கடிதம், மாமா."

"என்னையும் உப்பிடித்தான் பாக்கிறாங்கள். பதினெட்டு வருசமாக் கூட்டிற இடம். எயார்போர்ட்டுக்குள்ளை போற பாஸைப் புதுப்பிக்க இண்டைக்கு இன்ரவியூவாம். ஆரோடை கதைக்கிறாய், ஆருக்குக் காசு அனுப்பிறாய் எண்டு கேப்பாங்கள். பாஸ் இல்லாட்டி வேலையும் இல்லை."

"ராசாவுக்குப் பயம், மாமா. பயந்தபடியாத்தான் இவ்வளவு கடிதம்."

"அப்ப அவங்கள் என்னைப் பற்றி வைச்சிருக்கிற ஃபைல் எவ்வளவு தடிப்போ!"

சிரித்தார். கை மட்டும் ஜாக்கெட்டின் ஜிப்பை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்ததில் நான் இறங்க வேண்டிய தரிப்பு கடந்துபோனது.

"கடைசியிலை அந்தச் சிப்பாய்மார் ஓடினவங்களோ?"

"ஓடினது ராசா. கோட்டை வாசல்லை கடைசிமட்டும் நிண்டது அவையள்."

அவர் எழுந்து தொப்பியைச் சரிசெய்தார்.

"உந்தக் கதையை இன்ரவியூவிலை சொல்லேலாதே, பிள்ளை."

நான் திரும்பிவர டாக்சிக்குப் பதினாறு டொலர் நாற்பது சதம்.