பச்சை மையில் ஒரு பெயர்

ஊர் வழக்கு விசாரிக்கிற விதானையாரின் மைக்கூட்டில் கறுப்பு மைதான் இருக்கிறது. அதனால் என் தங்கையின் பெயரை இந்த வாக்குமூலத்தில் எழுதவில்லை. தங்கை என்றே எழுதுகிறேன். எனக்கு இருப்பது ஒரே தங்கை, ஆள் மாறாட்டம் வராது.

என் பெயர் தியாகலிங்கம். வயது முப்பத்தெட்டு. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், கரம்பொனில் புகையிலை தரம் பார்க்கிறவன். வியாபாரிகள் இலையை மூக்கில் வைத்துப் பார்ப்பார்கள். நான் காதருகே பிடித்துக் கசக்குவேன். அந்தச் சரசரப்பு நாக்கில் இறங்கி, காரம் எவ்வளவு என்று சொல்லிவிடும். சின்ன வயதிலிருந்தே எனக்கு அப்படித்தான். சத்தம் எல்லாம் சுவை, பெயர் எல்லாம் நிறம். கோயில் மணி நெல்லிக்காய். விதானையார் மார்க்கண்டரின் குரல் புழுக்கொடியல், அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, சப்பச் சப்பத்தான் உருசி தெரியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். மூன்றாம் வகுப்பில் வாத்தியாரிடம், உங்கள் வாய்பாடு புளிக்கிறது என்று மரியாதையாகச் சொன்னேன். அன்று வாங்கிய பிரம்படியில், மற்றவர்களுக்கு அப்படியில்லை என்று விளங்கியது. பிறகு யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

தங்கையின் குரல் பனங்கட்டி. "அண்ணை, சோறு போட்டிட்டன், வாங்கோ" என்று குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டால், வெறும் சோறும் சொதியும் எனக்கு விருந்து. தாய் தகப்பன் போனபின் பதினாறு வருடமாக அந்தக் குரலோடுதான் சாப்பிடுகிறேன். அவளுக்கு நல்ல இடத்தில் கலியாணம் நடக்கவேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர் யாரும் இல்லை. இதை விதானையார் கோடிட்டுக்கொள்ளலாம்.

சம்பந்தம் பேசுகிற வேலை அம்மான் சரவணமுத்தருடையது. எங்கள் வழக்கப்படி வீடு தங்கைக்குச் சீதனம், மாப்பிள்ளை வந்து அங்கேதான் இருப்பார். அப்படியானால் அவருடைய குரலும் மூன்று வேளையும் என் சாப்பாட்டில் விழும். இதை ஆராயாமல் விடுவது ஒரு தமையனுக்கு அழகா?

முதலில் வந்தவர் காரைநகர். நல்ல மனிதர், வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவர். ஆனால் குரல் நான்கு நாள் புளித்த கள். அம்மானுக்கு ஒரு மொட்டைக்கடிதம் எழுதினேன்: மாப்பிள்ளை வாய் திறந்தால் கள் மணக்கும். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அம்மான் அதை எப்படி விளங்கிக்கொண்டார் என்பதற்கு நான் பொறுப்பாக முடியாது.

இரண்டாமவர் வேலணைச் சைவக் குடும்பம். அவர் சிரித்தால் கருவாடு நாறும் என்று எழுதினேன். மீன் மச்சத்தைக் கண்ணாலும் பார்க்காத அம்மான் அன்றைக்கே சாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாமவர் அனலைதீவு. அவர் நடந்தால் செருப்புச் சத்தம் துருப்பிடித்த இரும்பு. அதையும் அப்படியே எழுதினேன்: அவர் காலில் இரும்பின் குணம் உண்டு. அம்மான் இரண்டு நாள் யோசித்து, மாப்பிள்ளை காலில் விலங்கோடு மறியலில் கிடந்தவர் என்ற முடிவுக்கு வந்தார். அம்மானுக்குக் கற்பனை அதிகம்.

நான்காவதாக வந்தவர் இலட்சுமணன், நெடுந்தீவில் பள்ளிக்கூட வாத்தியார். படிப்பிக்கிற வேலையை விட்டுவிட்டு இங்கே வந்திருக்க ஏலாது, தங்கையை அங்கே கூட்டிப்போவேன் என்றார். அதாவது வீடு எனக்கே மிஞ்சும். ஆகையால் நான் சொந்த இலாபத்துக்காகச் செய்தேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

அவருடைய குரல் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். காம்படியில்கூடப் புளிப்பில்லை. எவ்வளவோ தேடினேன். தும்மச் செய்துபார்க்கலாம் என்று அருகில் மிளகாய்த்தூளும் இடித்தேன். தும்மலும் இனித்தது.

பிறகு தங்கை தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். கடல் இன்றைக்கு எப்படி என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அந்தக் குரலில் பனங்கட்டியோடு ஏலக்காயும் இருந்தது. பதினாறு வருடம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட குரலில் ஒருநாளும் ஏலக்காய் இருந்ததில்லை. இதை ஒரு தகவலாகத்தான் எழுதுகிறேன். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

நான்காவது கடிதம் அம்மானுக்கு அல்ல, நெடுந்தீவுக்குப் போனது. பெண்ணுக்கு மாதம் மூன்றுமுறை வலிப்பு வரும், சோறு ஆக்கவும் தெரியாது என்று எழுதினேன். வலிப்பு பொய். சோறு அதைவிடப் பெரிய பொய், எழுதும்போதே நாக்குச் சுட்டது. ஆனால் அவ்வளவு தூரத்தில், கடல் நடுவே, அவளுக்கு ஒன்று நடந்தால் யார் பார்ப்பார்கள்? அவளைக் காப்பாற்றவேண்டிய கடமை எனக்கு இருந்தது.

எதிலும் நான் கவனமான ஆள். நான்கையும் இடது கையால் எழுதினேன். யாழ்ப்பாணம் போய்த்தான் தபாலில் போட்டேன். ஆனாலும் பிடிபட்டேன்.

இலட்சுமணன் வாத்தியார் கடிதத்தோடு படகேறி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் எல்லாருக்கும் முன்னால் அதை வாசித்தார். அந்தக் குரலில் என் பொய்யும் மாம்பழமாகத்தான் இருந்தது, எனக்கு வாயூறியது. தனக்கும் மூன்று வந்தது என்று அம்மான் அலுமாரியைத் திறக்க வீட்டுக்கு ஓடினார். நான்கையும் பாயில் பரப்பிவைத்தார்கள். வாத்தியார் கண் அல்லவா, தங்கையின் பெயர் வருகிற இடமெல்லாம் அது பச்சை மையில் இருப்பதைக் காட்டினார்.

புகையிலைச் சிப்பத்துக்கு அடையாளம் எழுதப் பச்சை மை வைத்திருப்பவன் இந்தத் தீவில் நான் ஒருவன்தான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அதை மறைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவளுடைய பெயர் குருத்தோலைப் பச்சை. அதை வேறு எந்த நிறத்தில் எழுதுவது?

அம்மான் அடிக்கக் கை ஓங்கினார். தங்கை தடுத்தாள். அவள் அழவில்லை.

"அண்ணை, என்ரை பேரைக் கறுப்பிலை எழுத உங்களுக்கு மனம் வரேல்லை. என்னைப் பற்றி இதெல்லாம் எழுத மட்டும் மனம் வந்ததோ?"

அந்தக் குரலில் சுவையே இல்லை. முதன்முதலாக, வெறும் சத்தம்.

கலியாணம் முற்றாகி நாளும் வைத்தாயிற்று. தங்கை இப்போதும் எனக்குச் சோறு போடுகிறாள். சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள், கூப்பிடுவதில்லை. ஒன்பது நாளாகச் சோறு சோறாகத்தான் இருக்கிறது. அம்மான் முறைப்பாடு கொடுத்ததால் விதானையார் என்னை அழைத்து, "ஏன் காணும் உப்பிடிச் செய்தனீர்?" என்று கேட்டுத் தாளையும் பேனையையும் தந்தார். இவ்வளவும் நானே விரும்பி எழுதியது. நான்கு கடிதங்களும் என்னுடையவை. எல்லாம் அவளுடைய நன்மைக்கு.

விதானையார் இதை வாசித்துவிட்டு, எழுதினது காணும், போதும், இனி ஒருவருக்கும் கடிதம் எழுதமாட்டேன் என்று போட்டுக் கையெழுத்து வையும் என்கிறார். வைக்கிறேன். கையெழுத்துக்கு மேலே இடம் இருப்பதால் ஒரு வேண்டுகோளையும் சேர்க்கிறேன்.

இதன் பிரதி ஒன்றை நெடுந்தீவில் மாப்பிள்ளையின் தாயாருக்கு அனுப்பவேண்டும். மகன் படித்தவர், மன்னித்துவிட்டார். தாய் அப்படி விடமாட்டார். இப்படி ஒரு தமையன் இருக்கிற குடும்பத்தில் பெண் எடுப்பதென்றால் எந்தத் தாயும் இரண்டுதரம் யோசிப்பாள். கலியாணத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது, படகு நாளைக் காலையில் போகிறது. எழுதுகிற சிரமம் விதானையாருக்கு வேண்டாம், பிரதியை நானே எழுதித் தருகிறேன். வீட்டிலிருந்து என் பச்சை மைப் போத்தலை மட்டும் எடுப்பித்துத் தாருங்கள். அதிலாவது தங்கையின் பெயரை முழுதாக எழுதவேண்டும்.